படபடப்பும் கப்ராஹட்டும்

சென்ற ஆண்டு மே மாதத்தில், தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தகரக் கூரையின் கீழ் ஐந்து பேர் வசிக்கும் ஓர் அறையில், மின்விசிறியை முன்னிட்டு ஒரு சண்டை மூண்டது. மும்பைக் கோடையில் விசிறியைச் சுற்றவிடு என்று மன்றாடுகிறவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதை நிறுத்து என்று பிடிவாதம் பிடித்தவர் அந்த வீட்டுத் தலைவியாகிய ஐம்பத்திரண்டு வயது அம்மாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் தொட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சட்னியும் சாம்பாரும் கூட்டி, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி அனுப்புவது அவருடைய ஜீவனம். அந்தப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் மகன் ஊதிவரும் பாம் பாம் ஓசையைக் கேட்டுத்தான் சயானில் எங்கள் கட்டிடத்தார்க்கு மணி ஏழாயிற்று என்று தெரியும். இருபது வருஷத்துப் பழக்கம். ஆகையால் அந்தக் குடும்பத்தின் சுகதுக்கங்கள் இட்லியோடு கூடவே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதுண்டு. விசிறிச் சண்டையும் அப்படித்தான் வந்தது. "எங்க அம்மைக்கு மே மாசத்துல குளுருது சார்" என்று பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், நானும் சிரித்தேன். பதினைந்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை விழுங்கிவரும் நான் அன்று சிரித்தது எனக்கு இன்றும் வெட்கமாயிருக்கிறது.

வைத்திய நூல்களில் தைராய்டுச் சுரப்பு குன்றியவர்களின் லட்சணங்களை வரிசைப்படுத்தும்போது, குளிர் பொறுக்கமாட்டாமையை முன்வரிசையில் எழுதுவார்கள். அந்நூல்களை முதலில் எழுதியவர்கள் பனி பெய்யும் தேசத்தார். கணப்பின் அருகே அமர்ந்தும் நடுங்குகிற நோயாளியை அவர்கள் கண்டிருப்பார்கள். வேர்வையும் கடற்காற்றும் மாறாத நம் ஊரில் அதே லட்சணம் விசிறிச் சண்டையாக வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு மெல்ல மெல்ல மற்றவையும் வந்தன: குரல் கம்மிற்று, காலையில் கண்ணிமைகள் வீங்கின, வயிறு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் இளகியது, மாவுப் பானையைத் தூக்கிவைக்கும்போது தோள்கள் சோர்ந்தன. ஜூலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு, நாலரைக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.ஹெச். என்னும் கணக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

இது அபூர்வமான வியாதி அன்று. மும்பை, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, வயது வந்தோரில் ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டுக் குறைவு உண்டு என்று கண்டது. கடலோர நகரங்களில் சற்றுக் குறைவு, உள்நாட்டு நகரங்களில் சற்று அதிகம். உப்பில் அயோடின் இல்லாமையே இதற்கெல்லாம் மூலம் என்று நம்மவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 1956இல் இமயத்தடிக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கஸ்வாமி தொடங்கிய உப்புப் பரிசோதனையின் புண்ணியத்தால் அந்தக் கதை பெரும்பாலும் மாறிவிட்டது. இப்போது நகரவாசிகளிடம் காண்பது பெரும்பாலும், சரீரத்தின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்குகிற வியாதி. 1912இல் அதை முதலில் வர்ணித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே அது வழங்குகிறது. இதற்கு ஔஷதம் உண்டு. மலிவானது, அரசாங்கத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே வியாதியைப் பற்றி நான் இங்கே முறையிட வரவில்லை. என் முறையீடு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அந்த இடைக்காலத்தைப் பற்றியது. அந்தக் காலத்தில் நோயாளி பேசும் சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது.

அம்மாளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வீட்டருகே இருந்த தவாகானா என்னும் தனியார் மருந்தகத்தில் எடுத்த எடுப்பிலேயே நூறு பவர் மாத்திரையைக் கொடுத்தார்கள். (மைக்ரோகிராம் என்ற அளவை நம் ஜனங்கள் 'பவர்' என்றே சொல்வார்கள், மூக்குக் கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் ஒரே சொல்.) மூன்றாம் வாரத்தில் அவருக்கு நெஞ்சு துடிக்கலாயிற்று. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. கரண்டியைப் பிடித்த கை நடுங்கி இட்லித் தட்டின் குழியில் மாவு நில்லாமல் விளிம்பில் வழிந்தது. மறுபடியும் தவாகானாவுக்குப் போனார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாளுக்கு முப்பது வருஷத்தில் பேரம் பேசும் அளவுக்கு ஹிந்தி வந்திருந்ததே ஒழிய, தன் நெஞ்சுக்குள் நடப்பதை விவரிக்கும் அளவுக்கு வரவில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்கு" என்று அவர் சொன்னதை மகன் "கப்ராஹட் ஹோதி ஹை" என்று மொழிபெயர்த்தான்.

அவன்மேல் குற்றமில்லை. ஹிந்தியில் அதற்கு எல்லோரும் வழங்கும் சொல் அதுவே. ஆனால் நம்முடைய படபடப்பு முதலில் சரீரத்தைச் சேர்ந்தது: இருதயம் விரைந்தடிப்பதைத் தன் விலா எலும்பில் ஒருத்தி உணர்கிறாள், அதற்கு அந்த ஓசையையே பெயராக வைக்கிறாள். கப்ராஹட் என்பதோ முதலில் மனத்தைச் சேர்ந்தது: கலக்கம், பயம், தத்தளிப்பு. இரண்டு சொற்களுக்கும் பொதுவான நிலம் உண்டு என்பது மெய்யே; நெஞ்சு அடித்தால் மனம் கலங்கும், மனம் கலங்கினால் நெஞ்சு அடிக்கும். ஆயினும் எந்தப் பக்கத்திலிருந்து அந்த நிலத்துக்குள் நுழைகிறோம் என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. டாக்டர் மனத்தின் பக்கமாக நுழைந்தார். 'குடும்பக் கவலை, மாதவிடாய் நிற்கும் வயது' என்று தாமே ஒரு காரணத்தை ஊகித்து, மனம் அமைதியுற ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, தைராய்டு மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லிவிட்டார். பெண்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவளுடைய கவலையை விசாரிப்பதும், ஆண்பிள்ளை பிடித்துக்கொண்டு வந்தால் இ.சி.ஜி. எடுப்பதும் நம் நாட்டுச் சிகிச்சைக் கூடங்களில் எழுதாத விதி போலும்.

இதற்கடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். புது மாத்திரையும் பலிக்காமற் போகவே, இந்த அவஸ்தைக்கெல்லாம் மூலம் தைராய்டு மாத்திரைதான் என்று அம்மாள் தாமாகவே சரியாக நிதானித்தார். நிதானித்தவர் தாமாகவே அதை அடியோடு நிறுத்தியும் விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கணக்கு மறுபடியும் வானத்தில் நின்றது. மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லையே என்று எண்ணிய டாக்டர், நூறு பவரை நூற்றிருபத்தைந்தாக உயர்த்தினார். எண்ணைப் பார்த்தவர் நோயாளியைக் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த நோயாளி உண்மை சொல்லும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை.

அந்த எண்ணை நான் அவமதிப்பதாக எவரும் நினைக்க வேண்டாம். தைராய்டு வைத்தியத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டினால் அதன் அருமை தெரியும். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், வீங்கி மந்தித்துக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றினார். அந்தப் பெண்மணி அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள், 1919 வரை, ஜீவித்திருந்தார். அதற்காக எண்ணூறுக்கு மேற்பட்ட ஆடுகள் சுரப்பி கொடுத்தன. 1914ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்ஸினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ரசாயன சாலையிலேயே உண்டாக்கினார்கள். மருந்து கிடைத்தது, ஆனால் எவ்வளவு என்று அளக்கும் கோல் வெகுகாலம் கிடைக்கவில்லை. நோயாளியின் முகத்தையும் நாடியையும் பார்த்தே கொடுத்த அக்காலத்தில் நாளொன்றுக்கு 200, 300, சிலருக்கு 400 மைக்ரோகிராம்கூடப் பழக்கத்தில் இருந்தது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி தைராய்டுச் சுரப்பியை ஏவும் ஆணையாகிய டி.எஸ்.ஹெச்.சை 1960களின் நடுவிலிருந்து அளக்கக் கற்றுக்கொண்ட பிறகே, அத்தனை பெரிய அளவு பெரும்பாலோருக்கு மிகை என்றும், அது காலப்போக்கில் எலும்பை அரிக்கவும் இருதயத்தின் தாளத்தைக் குலைக்கவும் வல்லது என்றும் தெளிவாயிற்று. நம் மும்பையில் இந்த வித்தைக்கு ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. பரேலில் 1963 முதல் இயங்கிவரும் அணுசக்தித் துறையின் கதிர்வீச்சு மருத்துவ மையம் தைராய்டு நோயாளிகளுக்குத் தேசம் அறிந்த புகலிடம். ஆகவே எண் வேண்டும். அது இல்லாத காலத்து நோயாளிகள் பட்டது நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்த எண் மெதுவாகப் பேசுவது. உள்ளே போன தைராக்ஸினில் பாதி கரைவதற்கே ஏறக்குறைய ஏழு நாள் பிடிக்கும். அளவை மாற்றினால் ரத்தத்தில் புதிய நிலை ஸ்திரப்படுவதற்கு ஐந்தாறு வாரம் ஆகும். பிட்யூட்டரி அதை உணர்ந்து தன் ஆணையைத் தளர்த்துவதற்கு மேலும் சற்றுக் காலம். ஆதலால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். அந்த ஆறு வாரத்துக்கு எண் மௌனம் சாதிக்கிறது. பேசுவது சரீரம் ஒன்றே. மாதக்கணக்கில் மந்தமாக ஓடிப் பழகிய இருதயம், அளவு சரியாகவே இருந்தாலும் புது வேகத்துக்குப் பழகும்வரை சிலருக்குத் துள்ளும். வேறு சிலருக்கு அந்தத் துள்ளல் அளவு மிகை என்பதன் முதல் சமாசாரம். இவ்விரண்டையும் வீட்டிலிருக்கும் நோயாளி எப்படி வேறுபடுத்துவார்? சீட்டில் 'காலை 1' என்று எழுதியிருக்கிறது, '6 வாரம்' என்று எழுதியிருக்கிறது. நடுவே உள்ள நாற்பத்திரண்டு நாட்களுக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

மருந்தின் சூட்சுமத்தை நினைத்தால் இந்த மௌனம் இன்னும் வியப்பாயிருக்கிறது. நாளொன்றுக்கு நூறு மைக்ரோகிராம் வீதம் ஐம்பத்தைந்து வருஷம் விடாமல் சாப்பிட்டாலும் மொத்தம் சேர்வது இரண்டு கிராம்தான். ஒருவருடைய ஆயுளின் உற்சாகம் முழுவதும் அரைத் தேக்கரண்டி உப்பில் அடங்குகிறது என்றால், அதில் இருபத்தைந்து மைக்ரோகிராம் கூடுவதும் குறைவதும் அற்பமல்ல.

'காலை 1' என்ற அந்த இரண்டு எழுத்துக்கும் வருகிறேன். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் ஒன்றும் அருந்தாதிருப்பது விதி. எந்தக் காலை? அம்மாளுடைய காலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. ஸ்டவ்வை மூட்டியதும் முதலில் கொதிப்பது அவருடைய தேநீர். அந்தப் பால் தேநீர் உள்ளே போகாமல் அவருக்குக் கை ஓடாது. ஆகவே மாத்திரையும் தேநீரும் ஒன்றாகப் போயின. போதாக்குறைக்கு அவருக்கு ரத்தசோகை என்று முன்பே இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் சோகை உள்ளவர்கள். இவர் அந்த வயதைக் கடந்தவரே ஆயினும் சோகை வயதைப் பார்த்து விடைபெறுவதில்லை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குடலில் தைராக்ஸினைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் குணம் உடையவை. இவற்றுக்கிடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அம்மாளோ எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கிவந்தார். 'காலை 1, காலை 1' என்றுதானே இரண்டு சீட்டிலும் எழுதியிருந்தது?

அவரைச் சொல்வானேன்; நான் படித்தவன், மாட்டுங்காவில் பள்ளிப்படிப்பும் சயானில் கல்லூரிப் படிப்பும் முடித்தவன், பத்து வருஷம் அதே பிழையைக் காப்பியோடு செய்தேன். மாட்டுங்கா கடைத்தெருவில் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டித் தரும் பொடியில் இறக்கிய முதல் டிகாக்ஷனுக்கு முன் எந்த ஔஷதத்தையும் காத்திருக்க வைப்பது என் சுபாவம். டபராவில் ஆற்றும்போதே மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வேன். காப்பி தைராக்ஸினைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பதை நான் அறியேன். நான் காப்பியோடு சாப்பிடுகிறேன் என்பதை என் டாக்டர் அறியார். இருவருடைய அறியாமையும் கூடி என் அளவு எழுபத்தைந்திலிருந்து நூறாகி, நூற்றிருபத்தைந்தும் ஆயிற்று. அப்புறம் பூனாவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்க நேர்ந்தது. அவர்கள் வீட்டில் எட்டரை மணிக்கு முன்னால் காப்பி கிடையாது. மாத்திரையோ ஆறு மணிக்கே உள்ளே போய்விட்டது. மருந்து முழுவதும் முதல்முறையாக ரத்தத்தில் சேர, ஆறாவது வாரத்தில் என் நெஞ்சு சயான் ஸ்டேஷனைக் கடக்கும் விரைவு வண்டிபோல் தடதடத்தது. பூனாவின் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். காப்பியின் குற்றமென்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

மூன்று மணிக்கு எழுகிறவர்களுக்கு வேறு வழி இல்லாமலில்லை. இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கைக்குப் போகும்போது விழுங்கினால் மருந்து காலையைப் போலவோ அதைவிடச் சற்று நன்றாகவோ சேர்கிறது என்று 2010இல் நெதர்லாந்தில் செய்த பரிசோதனை ஒன்று காட்டிற்று. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த நிமிஷத்துக்கு முன்னால் "நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?" என்று கேட்கும் அரை நிமிஷம் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இந்த மௌனம் விலை கேட்டிருக்கிறது. நியூஸிலாந்தில் 2007இல் அங்கே வழங்கிவந்த எல்ட்ராக்ஸின் மாத்திரையின் தயாரிப்பிடமும், அதன் சேர்மானப் பொருள்களும் மாறின. உள்ளிருக்கும் தைராக்ஸின் அதேதான். முந்தைய முப்பது வருஷத்தில் பக்கவிளைவென்று வந்த புகார்கள் பதினான்கே. அடுத்த பதினெட்டு மாதத்தில் 1,400க்கு மேல். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எழுப்பிய பீதியே பாதி நோயை உண்டாக்கிற்று என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இருக்கலாம், பீதிக்கு இடம் கொடுத்தது எது என்பதே என் கேள்வி. நிறமும் ருசியும் மாறிய மாத்திரையை முன்னறிவிப்பின்றிக் கையில் வைத்துவிட்டு, வந்த முறையீட்டை 'மருந்து அதேதான்' என்ற ஒற்றை வாக்கியத்தால் தள்ளினால், ஜனங்கள் தங்கள் சரீரத்தை விட்டு அந்த வாக்கியத்தை ஏன் நம்ப வேண்டும்?

பிரான்ஸில் நடந்தது இதைவிடப் பெரிது. 2017 மார்ச்சில் மெர்க் நிறுவனம் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. மருந்து நாளாவட்டத்தில் வீரியம் குன்றாமலிருக்க வேண்டும் என்பதே உத்தேசம், நல்ல உத்தேசம்தான். அந்த மாத்திரையை நம்பியிருந்தவர்கள் சுமார் முப்பது லட்சம் பேர். தலைசுற்றல், தாங்கமுடியாத சோர்வு, மயிர் உதிர்தல், தூக்கமின்மை என்று பல்லாயிரம் முறையீடுகள் குவிந்தன. வழக்கு நடந்தது. 2020இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்காடிய மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் யூரோ கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பணம் எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றத்தை நோயாளிகளுக்குத் தெளிவாக அறிவிக்காமல் விட்டதற்காக, அதனால் அவர்கள் பட்ட மனவேதனைக்காக. சொல்லாமல் விட்டது ஒரு நஷ்டம், அதற்கு ஈடு உண்டு என்று ஒரு தேசத்தின் நியாயஸ்தலம் ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் நியாயஸ்தலம் வரை போக வேண்டிய அவசியமில்லை; ஒரு தாள் போதும் என்பது என் அபிப்பிராயம். சயானில் லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனை இருக்கிறது. 1947இல் பிறந்து, 1964 முதல் மருத்துவக் கல்லூரியும் உடையது. தாராவியின் வாசலிலேயே நிற்பது. அங்கே வெளிநோயாளிகள் நிற்கும் வரிசையில் காது கொடுத்தால் மராத்தி, ஹிந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு எல்லாவற்றோடும் நெல்லைத் தமிழும் கேட்கும். அந்த வரிசையின் நீளத்தைக் கண்டவர் எவரும் டாக்டர்களைக் குறை கூறத் துணியமாட்டார். ஒருவருக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அது தர்மம். ஆகையால் டாக்டரின் நேரத்தை நான் கேட்கவில்லை. நகராட்சியின் ஆரோக்கிய சேவிகைகள் சந்து சந்தாக நடக்கிறார்கள். 2022 முதல் பேட்டைக்குப் பேட்டை 'ஆப்லா தவாகானா' என்ற இலவச மருந்தகங்களும் திறந்திருக்கின்றன. தைராய்டு மருந்து தொடங்கும்போதும், அளவு மாறும்போதும், நோயாளியின் பாஷையில் அச்சிட்ட ஒரு தாளை அவர் கையில் கொடுக்கலாம்; மூன்றாம் வாரத்தில் ஒரு சேவிகை அவரைப் பார்த்து, அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே அதன் பின்புறத்தில் குறிக்கலாம். 'படபடப்பு' என்றால் படபடப்பு என்றே எழுத வேண்டும், தமிழ் அறிந்த எந்தச் செவிலியாவது அதைப் படித்துச் சொல்லட்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், வைத்தியனல்லாத நான் நோயாளியாக இருந்து கற்றதைச் சொல்வேன். மாத்திரையை எந்த நேரத்தில் எதனோடு சேர்க்காமல் சாப்பிடுவது என்பது. முதற்சில வாரங்களில் என்னென்ன நேரக்கூடும் என்பது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நாடி தாளம் தவறி ஓடுதல், மயக்கம் இவை வந்தால் ஆறு வாரம் எண்ணிக்கொண்டிராமல் அன்றே ஓட வேண்டும் என்பது. முன்பே இருதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் பன்னிரண்டரை, இருபத்தைந்து என்று சிற்றளவில்தான் தொடங்குவார்கள் என்பது. கர்ப்பம் தரித்ததாகத் தெரிந்தால் அளவு கூட வேண்டியிருக்கும், உடனே சொல்ல வேண்டும் என்பது. சீசாவை மூடியே வைக்க வேண்டும் என்பதையும் சேர்ப்பேன். வெப்பமும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் காகிதத்தில் மடித்து வைத்த மாத்திரை எவ்வளவு பவர் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கியம்: 'மாத்திரையை நிறுத்தியிருந்தால் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.' இதை அச்சிடுவது எளிது, மெய்யாக்குவது கஷ்டம்.

அண்டை வீட்டார் யோசனையின்படி அரை மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தாமே அளவு மாற்றிக்கொள்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கைப்பேசியில் வரும் உபதேசங்களைக் கேட்டு, கொத்தமல்லி விதைக் கஷாயத்தை நம்பி மாத்திரையைக் கைவிட்டவர் ஒருவரை எங்கள் கட்டிடத்திலேயே அறிவேன். அவர் பேச்சு குழறி, படி ஏற முடியாமல் போனபோதுதான் வீட்டார் விழித்துக்கொண்டார்கள். எல்லா அவஸ்தையையும் தைராய்டின் தலையில் சுமத்துவதும் பிசகு. எண் சரியாக வந்தபின்னும் பத்தில் ஒருவர்வரை சோர்வாகவே இருக்கிறது என்று சொல்வதுண்டு. அவர்களில் சிலருக்குச் சோகை, சிலருக்கு விட்டமின் குறைவு, சிலருக்குக் குறட்டையால் கெட்ட தூக்கம், சிலருக்கு மெய்யாகவே மனச்சோர்வு. மெய்யாகவே கப்ராஹட் உள்ளவர்களும் உண்டு, அவர்களுக்கும் சிகிச்சை வேண்டும். அதையெல்லாம் பிரித்தறிவதற்கும் முதலில் அவர்கள் சொன்னது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

சயான் என்ற பெயர் 'சீவ்' என்ற மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. எல்லை என்று பொருள். மும்பைத் தீவு முடிந்து சால்செட் தொடங்கும் முனை அது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காவலுக்குக் கட்டிய கோட்டை இன்றும் குன்றின்மேல் சிதிலமாக நிற்கிறது. இன்று அந்த எல்லை எங்கே என்று ரயிலில் போகிற ஒருவருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடச் சீட்டில் 0.4 என்றும் 4.0 என்றும் போட்டிருக்கும் எல்லைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டை ஞாபகம் வருகிறது. எதற்காகவோ யாரோ அவசியம் கருதிக் கட்டியது; ஆனால் அதன் இருபுறத்திலும் ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள்.

அம்மாளின் கதைக்குத் திரும்புகிறேன். நூற்றிருபத்தைந்தைத் தொடங்கிப் பத்து நாளில் படுத்துவிட்டார். வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கன்னியாகுமரிப் பக்கத்துச் செவிலி ஒருத்தி இருந்தாள். மகன் வாயைத் திறக்குமுன் அவள் அம்மாளைப் பார்த்து, "படபடப்பா இருக்கா, பயமா இருக்கா அம்மா?" என்று கேட்டாளாம். "பயம் எதுக்கு மக்களே? நெஞ்சுதான் கெடந்து அடிக்கு" என்று அம்மாள் சொன்னாராம். நாடி பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், மாத்திரை நிறுத்திய இரண்டு மாதக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. ஒருவரும் திட்டவில்லை. சில நாள் நிறுத்திவைத்து, பிறகு இருபத்தைந்தில் தொடங்கி, ஐம்பதாக்கி, இந்த ஏப்ரலில் எழுபத்தைந்தாக்கினார்கள். இரும்பு மாத்திரை மத்தியானத்துக்குப் போயிற்று. தைராய்டு மாத்திரை இரவுக்கு வந்தது. மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு மாவைப் புளிக்க மூடிவைக்கும்போது விழுங்குகிறார். மாவுப் பானையின் மூடிமேலேயே சீசா உட்கார்ந்திருக்கிறது, மறக்க வழியில்லை.

போன வாரம் தட்டை வாங்கிக்கொண்டு போக அவரே வந்திருந்தார். முகத்து வீக்கம் வடிந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தேவல ஐயா. இப்ப காத்தாடியப் போடச் சொல்லி நாந்தான் சண்ட போடுதேன்" என்றார். இது குணமானதன் அடையாளமா, எழுபத்தைந்து பவர் அவருக்குச் சற்று மிகை என்பதன் முதல் சமாசாரமா, அல்லது வெறும் மே மாதம்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து, தேதியைப் போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி மடித்து, ஆஸ்பத்திரி பைலோடு வைத்துக்கொள்ளும்படி அவரிடம் கொடுத்தேன். "இத எதுக்கு ஐயா எழுதுதீய?" என்று கேட்டு, சிரித்துக்கொண்டே ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனார்.